புளிக்க மறுத்த பால்

1851-ஆம் ஆண்டு. லண்டனிலிருந்து அமெரிக்கா நோக்கி ஒரு கப்பல் போய்க்கொண்டிருந்தது. பயணிகளில் பலர் பிழைக்கப் போகும் ஏழைகள், கைக்குழந்தைக்காரர்கள். பாலுக்காகக் கப்பலிலேயே பசுக்களைக் கட்டியிருந்தார்கள். நடுக்கடலில் அலை பெருத்தது, பசுக்கள் சுருண்டு படுத்தன, மடி வற்றியது. கீழ்த்தளத்தில் இரவு முழுக்கக் குழந்தைகள் வீறிட்டன. பிறகு, ஒவ்வொன்றாக அந்தக் குரல்கள் அடங்கின. அடங்கியதற்குக் காரணம் பசி தீர்ந்தது அல்ல என்பது மேல்தளத்தில் விழித்துக் கிடந்த ஐம்பது வயதுக்காரர் ஒருவருக்குத் தெரிந்திருந்தது.

இப்படித்தான் அந்தக் கதையைக் காலங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். அந்த மனிதரின் பெயர் கெய்ல் போர்டன். நில அளவையாளர், பத்திரிகைக்காரர், டெக்சாசின் கால்வெஸ்டன் துறைமுகத்தில் சுங்க அதிகாரி என்று பல சட்டை மாற்றிப் போட்டவர். 1844-இல் மஞ்சள் காய்ச்சல் மனைவியைக் கொண்டுபோன பிறகு, கண்டுபிடிப்புகளில் இறங்கினார். தரையிலும் தண்ணீரிலும் ஓடும் பாய்மர வண்டி ஒன்றைச் செய்து, நண்பர்களை ஏற்றிக்கொண்டு கடலில் இறக்கினார். வண்டி கவிழ்ந்தது. எல்லோரும் நனைந்து கரையேறினார்கள். போர்டன் மட்டும் அடுத்த யோசனையோடு ஏறினார்.

அந்த யோசனை, இறைச்சிச் சாற்றை மாவில் பிசைந்து சுட்ட பிஸ்கட். மாதக்கணக்கில் கெடாது. 1851-இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் மாளிகையில் நடந்த உலகக் கண்காட்சியில் அதற்கு உயர்ந்த பதக்கமே கிடைத்தது. ஆனால் வாயில் வைத்த சிப்பாய்கள் முகம் சுளித்தார்கள். ராணுவம் கைவிட்டது, போட்ட பணம் போயிற்று. பதக்கத்தையும் கடனையும் சேர்த்துச் சுமந்துகொண்டு ஊர் திரும்பியபோதுதான் அந்தக் கப்பல் அனுபவம். இறைச்சியைக் கெடாமல் வைக்கத் தெரிந்தவனுக்குப் பாலை வைக்கத் தெரியாதா என்ற கேள்வி அவரை விடாமல் பிடித்துக்கொண்டது.

திரட்டுப்பால் கிளறிய எந்தக் கைக்கும் தெரியும், பால் சுண்டும்போது ஒரு கணம் கவனம் தப்பினால் அடிப்பிடித்துவிடும். கிளறிக் கிளறி ஆளின் கைதான் ஓயும். போர்டனுக்கும் அதுவே நேர்ந்தது. தண்ணீரை வற்றவைத்தால் பால் நாள்பட நிற்கும் என்பது சரிதான். ஆனால் அடுப்பில் வற்றிய பால் பழுப்பேறிக் கருகல் வாடை அடித்தது. குழந்தை அதைத் தொடாது. பானைகள் மாறின, அடுப்புகள் மாறின, வாடை மட்டும் மாறவில்லை. கடைசியில் விடை கிடைத்த இடம் ஆய்வுக்கூடம் அல்ல, ஒரு மடம்.

நியூயார்க் மாநிலத்தின் நியூ லெபனான் என்ற ஊரில் ஷேக்கர் என்ற கிறித்தவத் துறவிக் குழுவினர் வாழ்ந்தார்கள். மருந்து மூலிகைச் சாற்றைச் சுண்டவைக்க அவர்களிடம் மூடிய செப்புப் பாத்திரம் ஒன்று இருந்தது. உள்ளே இருக்கும் காற்றைப் பம்பால் உறிஞ்சிவிட்டால், குறைந்த சூட்டிலேயே திரவம் கொதிக்கும். உயர்ந்த மலையில் தண்ணீர் சீக்கிரம் கொதிப்பது போலத்தான். போர்டன் அதில் பாலை ஊற்றினார். சூடு குறைவு என்பதால் கருகவில்லை. வெள்ளை மாறாத கெட்டிப்பால் வழுவழுவென்று இறங்கியது. ஓட்டமாக ஓடிக் காப்புரிமை அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுத்தார். அலுவலகம், இதில் புதிதாக ஒன்றுமில்லை என்று திருப்பி அனுப்பியது.

பாலைச் சுண்டவைக்க ஐரோப்பாவில் அதற்கு முன்பே பலர் முயன்றிருந்தார்கள். வெற்றிடத்தில் காய்ச்சினால்தான் பால் கெடாமல் நிற்கும் என்பதை நிரூபித்தால் பார்க்கலாம் என்றார்கள் அதிகாரிகள். போர்டன் அறிவியல் தெரிந்த நண்பர்களைப் பிடித்துச் சாட்சி சேர்த்தார். மூன்று ஆண்டுகள் போயின. 1856 ஆகஸ்ட் 19 அன்று காப்புரிமை கையில் வந்தது. அப்போது அந்தக் கையில் வேறு எதுவும் மிச்சமில்லை.

கனெக்டிகட் மாநிலத்தில் தொடங்கிய முதல் ஆலை பணமில்லாமல் மூடப்பட்டது. இரண்டாவது ஆலை 1857-ஆம் ஆண்டு நிதி நெருக்கடியில் தள்ளாடியது. அந்தச் சமயத்தில் போர்டன் ஒரு ரயிலில் ஏறினார். பக்கத்து இருக்கையில் முன்பின் தெரியாத ஒரு பயணி. பேச்சு வளர்ந்தது, பேச்சு பாலுக்கு வந்தது. அந்தப் பயணி ஜெரமையா மில்பேங்க், நியூயார்க்கின் பெரிய பணக்காரர்களில் ஒருவர். ரயில் நின்றபோது போர்டனுக்கு ஒரு கூட்டாளி கிடைத்திருந்தார். இனித் தேவைப்பட்டது வாங்குகிறவர்கள் மட்டுமே. அவர்களைத் தேடித் தந்தது ஓர் ஊழல்.

1858-இல் நியூயார்க்கின் ஒரு வாரப் பத்திரிகை, நகரத்துப் பால் எங்கிருந்து வருகிறது என்று படம் போட்டுக் காட்டியது. சாராய ஆலைகளை ஒட்டிய இருட்டுக் கொட்டகைகளில், வடித்த கழிவையே தீனியாகத் தின்று, புண் பிடித்து நிற்கக்கூட முடியாத மாடுகள். அவற்றின் நீலம் பாய்ந்த பாலில் சுண்ணாம்புப் பொடி கலந்து வெள்ளையாக்கி விற்றார்கள். படித்த தாய்மார்கள் பதறினார்கள். போர்டனோ தனக்குப் பால் ஊற்றும் விவசாயிகளிடம் மடி கழுவு, தொழுவத்தைக் கூட்டு, பாலை உடனே குளிரவை என்று கறாராகச் சட்டம் போட்டிருந்தார். அவருடைய பால் நகரத்துக்குள் நுழைந்தது. 1861-இல் உள்நாட்டுப் போர் வெடித்தது. வடக்குப் படை டின் டின்னாக வாங்கத் தொடங்கியதும், ஆலையால் ஈடுகொடுக்க முடியவில்லை.

இதற்குள் ஒரு வேடிக்கை ஒளிந்திருந்தது. காற்றை உறிஞ்சியதால்தான் பால் கெடவில்லை என்று போர்டன் உறுதியாக நம்பினார். காப்புரிமையே அந்த நம்பிக்கையில் எழுதியதுதான். அதே ஆண்டுகளில் பிரான்சில் லூயி பாஸ்டர், பாலைப் புளிக்கவைப்பது கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் என்று காட்டிக்கொண்டிருந்தார். போர்டனின் பாலைக் காத்தது சூடும் சுத்தமும். பிற்பாடு டின்னில் அடைத்த பாலில் அவர் சேர்த்த சர்க்கரை மூன்றாவது காவல். எடையில் ஏறக்குறைய பாதியளவுக்கு வரும் அந்தச் சர்க்கரை, உள்ளே விழும் நுண்ணுயிரின் உடம்பிலிருந்தே தண்ணீரை இழுத்து அதை வாடவைத்துவிடும். ஊறுகாயில் உப்பு செய்கிற அதே வேலை. தவறான விளக்கத்தோடு சரியான பொருளைச் செய்த அந்த மனிதர் 1874-இல் இறந்தார். முயன்று தோற்றதையும், மீண்டும் மீண்டும் முயன்று வென்றதையும் அவருடைய கல்லறையில் பொறித்தார்கள். அதற்குள் டின் அட்லாண்டிக்கைத் தாண்டியிருந்தது.

போரில் அந்த டின்னின் பெருமையைக் கண்ட இரண்டு அமெரிக்கச் சகோதரர்கள், சார்லஸ் பேஜ், ஜார்ஜ் பேஜ். சார்லஸ் ஸூரிச்சில் அமெரிக்கத் தூதரகப் பணியில் சேர்ந்தார். சுற்றிலும் மலை, புல், மாடு, பால். 1866-இல் சாம் என்ற சிற்றூரில் ஆங்கிலோ சுவிஸ் கண்டென்ஸ்டு மில்க் கம்பெனி பிறந்தது. தலையில் பால்குடம் சுமந்த பெண்ணின் படம் போட்ட மில்க்மெய்ட் டின் கப்பலேறியது. 1905-இல் அந்தக் கம்பெனி நெஸ்லேயோடு இணைந்தது. குளிர்நாட்டில் பால் ஒரு நாளாவது தாங்கும். இந்த டின்னுக்கு உண்மையான பசி காத்திருந்தது வெயில் நாட்டில்.

சிங்கப்பூரில் உறை ஊற்றாமலே பால் புளித்தது. விடியலில் கறந்தது உச்சிவேளைக்குள் திரிந்துவிடும். ஊருக்குப் பால் ஊற்றியவர்கள் இந்தியப் பால்காரர்கள். சிராங்கூன் சாலைப் பக்கம் மாட்டு வணிகம் கொழித்த காலம் அது. எருமைக் கொட்டில் என்று பொருள்படும் கண்டாங் கெர்பாவ், பஃபலோ ரோடு என்ற பெயர்கள் அதன் அடையாளமாக இன்றும் நிற்கின்றன. கறந்த இடத்திலிருந்து வாசலுக்கு வருவதற்குள் சில பாத்திரங்களில் தண்ணீர் கூடிவிடும் என்பது ஊரறிந்த ரகசியம். இந்த நிலையில் கடை அலமாரியில் வந்து உட்கார்ந்தது, புளிக்காத, கலப்படம் செய்ய முடியாத, பூட்டிய பால். கப்பலில் குழந்தைகள் இறந்ததைப் பார்த்துப் பிறந்த பால் அல்லவா? குழந்தைகளுக்கு இதைவிட நல்லது எது என்று விளம்பரங்கள் கேட்டன. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல, 1936-இல் ஒரு பெண் மருத்துவர் சிங்கப்பூரில் வந்து இறங்கினார்.

சிசிலி வில்லியம்ஸ், ஜமைக்காவில் பிறந்தவர், ஆக்ஸ்ஃபோர்டில் படித்தவர். மேற்கு ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்ட்டில், இன்றைய கானாவில், பணியாற்றியபோது வயிறும் காலும் வீங்கி, முடி செம்பட்டையாகிச் சாகும் குழந்தைகளைக் கண்டார். அதற்கு அங்கே குவாஷியோர்க்கர் என்று பெயர். அடுத்த குழந்தை பிறந்ததும் தாய்ப்பாலிலிருந்து தள்ளப்பட்ட மூத்த குழந்தையின் நோய் என்பது பொருள். 1933-இல் அதை மருத்துவ உலகுக்கு எழுதிக் காட்டியவர் அவர்தான். அங்கிருந்து மாற்றலாகி சிங்கப்பூர் மருத்துவக் கல்லூரியில் குழந்தை மருத்துவம் கற்பிக்க வந்தார். ஆப்பிரிக்காவில் குழந்தையைத் தாயின் மார்பிலிருந்து தள்ளியது தம்பியோ தங்கையோ. இங்கே தள்ளியது வேறொன்று என்பதைக் கண்டுகொள்ள அவருக்கு அதிகக் காலம் ஆகவில்லை.

அந்தக் கல்லூரிக் கட்டடம் பொது மருத்துவமனை வளாகத்தில், இன்றைய புக்கிட் மேரா வட்டாரத்தின் கிழக்கு ஓரத்தில் நிற்கிறது. புக்கிட் மேரா என்றால் செம்மலை. அந்தப் பெயருக்கு ஒரு பழங்கதை உண்டு. கரையைத் தாக்கிய வாள்மீன் கூட்டத்தை விரட்ட, வாழைத்தண்டுகளை வேலியாக நடச் சொன்னான் ஒரு சிறுவன். ஊர் பிழைத்தது. இவ்வளவு அறிவுள்ளவன் வளர்ந்தால் ஆபத்து என்று அரசன் அவனைக் கொல்லச் சொன்னான். அவன் ரத்தம் வழிந்து மலை சிவந்தது. ஒரு குழந்தையின் சாவைப் பெயராகவே சுமக்கும் மண்ணில், குழந்தைச் சாவுகளுக்குக் கணக்குக் கேட்கத் தொடங்கினார் சிசிலி.

கணக்கு எளிமையாகவே இருந்தது. ஏழைத் தாய், டின் தீர்ந்துவிடுமே என்று ஒரு கரண்டிப் பாலில் நிறையத் தண்ணீர் ஊற்றினாள். அந்தத் தண்ணீர் கொதித்ததா, புட்டி கழுவியதா என்பதெல்லாம் அந்தந்த வீட்டின் விறகையும் குழாயையும் பொறுத்தது. குழந்தையின் வயிற்றில் சேர்ந்தது பெரும்பாலும் சர்க்கரைத் தண்ணீர். மலிவான டின்களில் கொழுப்பு நீக்கிய பால் இருந்தது. கொழுப்போடு இருக்கும் வைட்டமின் ஏ, டி இரண்டும் சேர்ந்தே போயிருந்தன. குழந்தை கொழுகொழுவென்று தெரியும். பிறகு எலும்பு வளையும், கண் மங்கும், வயிற்றுப்போக்கு வந்தால் தாங்காது. இதற்கு மேல், தாதி போல உடையணிந்த பெண்களை வைத்துத் தாய்மார்களிடம் டின் பாலைப் பரப்பினார்கள் என்பதையும் சிசிலி அறிந்தார். டின்னில் பால் கெடவில்லை. கெட்டது அதைக் குடித்த உடம்பு. இதை யாரிடம் சொல்வது என்று அவர் யோசித்தபோது, ஓர் அழைப்பு வந்தது.

1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கம் அவரைப் பேசக் கூப்பிட்டது. ஊரின் பெரிய வணிகர்கள் கூடும் இடம். அன்று தலைமை நாற்காலியில் இருந்தவரே டின் பால் கம்பெனி ஒன்றின் தலைவர் என்றும் பின்னாளில் எழுதினார்கள். சிசிலி தம் பேச்சுக்கு வைத்த தலைப்பு, ‘பாலும் கொலையும்’. குழந்தைக்கு உணவு என்று பொய்ப் பிரசாரம் செய்வது தேசத்துரோகத்துக்கு நிகரான குற்றம், அதனால் நேரும் சாவுகளைக் கொலை என்றே எண்ண வேண்டும் என்று அந்த விருந்து மேசைக்கு முன் நின்று சொன்னார். உலகம் அவர் பேச்சைக் கேட்டு விழித்துக்கொள்ளும் முன் உலகப் போர் வந்துவிட்டது.

1942-இல் சிங்கப்பூர் விழுந்தது. ஆயிரக்கணக்கான ஐரோப்பியர்களோடு சிசிலியும் சாங்கிச் சிறையில் அடைபட்டார். ஜப்பானிய ராணுவப் போலீஸ் பல மாதம் அவரை அடைத்து வைத்து வதைத்தது. பெரிபெரியும் வயிற்றுக்கடுப்பும் அவரை எலும்பாக்கின. அந்த முகாமிலும் குழந்தைகள் பிறந்தன. தாய்மார்களுக்கே அரைவயிற்றுச் சோறு. கடை இல்லை, டின் இல்லை, விளம்பரமும் இல்லை. இருபது குழந்தைகள் பிறந்ததையும், இருபதும் தாய்ப்பால் குடித்ததையும், இருபதும் பிழைத்ததையும் சிசிலி பின்னாளில் திரும்பத் திரும்பச் சொன்னார். மருத்துவக் கல்லூரியில் நடத்த முடியாத ஒரு சோதனையைச் சிறைச்சாலை நடத்திக் கொடுத்துவிட்டது.

விடுதலைக்குப் பிறகு உலகச் சுகாதார நிறுவனத்தின் தாய் சேய் நலப் பிரிவுக்கு அவரே முதல் தலைவரானார். 1981-இல் அந்த நிறுவனத்தின் பேரவை, தாய்ப்பாலுக்கு மாற்றாக விற்கும் பொருள்களுக்கு ஒரு நெறிமுறையை 118 நாடுகளின் வாக்கோடு ஏற்றது. எதிர்த்து விழுந்தது அமெரிக்காவின் ஒற்றை வாக்கு. அந்த நெறிமுறைக்குள் இந்த டின்னுக்கென்றே ஒரு வாசகம் இடம்பெற்றது. இனிப்புச் சேர்த்த கெட்டிப்பால் குழந்தைக்கு உகந்ததல்ல, ஆகவே குழந்தைக்கு ஏற்றபடி அதைக் கரைப்பது எப்படி என்ற குறிப்பு எதுவும் டின்னில் இருக்கக் கூடாது என்றது அது. குழந்தைக்காகப் பிறந்த பொருள் குழந்தையின் பக்கமே போகக் கூடாது என்று தீர்ப்பாகிவிட்டது. வேறெந்தச் சரக்கானாலும் அத்தோடு அலமாரியை விட்டு இறங்கியிருக்கும். இந்த டின்னுக்கோ அதற்கு முன்பே வேறொரு வீடு கிடைத்திருந்தது.

அந்த வீடு, தெருவோரத்துத் தேத்தண்ணிக் கடை. ஹைனான் தீவிலிருந்து வந்த சீனர்கள் காப்பிக் கடை வைத்திருந்தார்கள். தமிழ் முஸ்லிம்கள் சரபத் கடை போட்டிருந்தார்கள். இருவருக்கும் ஒரே தலைவலி, குளிர்பெட்டி கிடையாது. பசும்பாலை வாங்கினால் மாலைக்குள் திரியும். டின்னையோ இரண்டு ஓட்டை குத்தி நாள் முழுக்க வெயிலில் வைத்தாலும் ஒன்றும் ஆகாது, எறும்புதான் வரும். கிடைத்த தேயிலையோ அடித்தட்டுத் தூள், கசப்பும் துவர்ப்புமாக நாக்கைப் பிடிக்கும் சாயம். அந்த முரட்டுச் சாயத்தை அடக்க மெல்லிய பசும்பாலால் முடியாது. கெட்டிப்பால் ஒரு கரண்டி விழுந்ததும் அடங்கியது. பாலும் சீனியும் ஒரே வேலையில் முடிந்தன. அடியில் தங்கிய பாலைக் கலக்க, ஒரு குவளையிலிருந்து இன்னொன்றுக்குக் கை உயர ஆற்றினார்கள். ஆற்ற ஆற்ற நுரை எழும்பியது, பார்க்கக் கூட்டம் நின்றது.

டின் காலியான பிறகும் அதன் ஆயுள் முடியவில்லை. மூடியை வெட்டி, கயிற்றைக் கோத்தால், பார்சல் காப்பிக்குப் பாத்திரம் தயார். வேலைக்குப் போகிறவர்கள் விரலில் தொங்கவிட்டுக்கொண்டு போனார்கள். வீட்டில் கழுவி வைத்தால் அரிசி அளக்கும் படி. இன்றைக்கு எத்தனை டின் போடட்டும் என்று உலையடியில் கேள்வி எழுந்தால், அது அரிசியைப் பற்றியது. சோடா கம்பெனியாக 1883-இல் சிங்கப்பூரில் தொடங்கிய ஃபிரேசர் அண்ட் நீவ், 1959-இல் சிக்காகோவின் பீயட்ரிஸ் ஃபுட்ஸோடு சேர்ந்து இனிப்புக் கெட்டிப்பால் தொழிலில் இறங்கியது. அந்தக் கம்பெனியின் தலைமையகம் அமைந்தது அலெக்சாண்ட்ரா சாலையில், அதே செம்மலையின் மேற்கு ஓரத்தில். டின் பாலைக் கொலை என்று குற்றம் சாட்டியவர் பாடம் நடத்திய இடமும், அதைத் தயாரித்தவர்கள் கணக்குப் பார்த்த இடமும் ஒரே வட்டாரத்தின் இரண்டு முனைகளாயின. நடுவே ஒரு கண்ணாடிக் குவளை இருந்தது.

புக்கிட் மேராவின் எந்த அடுக்குமாடிக் கீழ்த்தளத்துக் காப்பிக் கடையிலும் காலை ஏழு மணிக்கு மேசைக்கு வரும் அதே குவளைதான். மேலே செம்பழுப்புத் தேநீர், அடியில் இரண்டு விரல் தடிமனுக்குப் படிந்த வெள்ளை. அந்த வெள்ளைதான் நியூ லெபனான் மடத்தின் செப்புப் பாத்திரத்தில் வழுவழுவென்று இறங்கியது, சாம் ஊர்ப் புல்வெளியிலிருந்து கப்பலேறியது, ரோட்டரி சங்கத்து மேசையில் குற்றவாளிக் கூண்டில் நின்றது. இன்றைய டின்கள் பலவற்றில் பால் கொழுப்புக்குப் பதில் செம்பனை எண்ணெய் இருக்கிறது, பெயரும் க்ரீமர் என்று மாறிவிட்டது. போர்டன் சேர்த்த சர்க்கரைக் காவல்காரன் மட்டும் இடம் மாறவில்லை.

அவனுக்கும் இப்போது கணக்குக் கேட்கிறார்கள். 2023 டிசம்பர் 30 முதல், கடையில் கலந்து தரும் பானங்களுக்கும் சிங்கப்பூர் அரசு இனிப்பையும் நிறைவுற்ற கொழுப்பையும் வைத்து ஏ முதல் டி வரை தரம் போடுகிறது. சர்க்கரைக்குப் பயந்தவர்கள் இனிப்புக் குறைத்த தேநீருக்கு ‘தே சியு தாய்’ என்று கேட்கிறார்கள், வெள்ளைப் படிவு ஒரு விரலாகக் குறைகிறது.

மாதக்கணக்கில் கெடாமல் நிற்கும் சரக்கு என்று அடித்த தேதி டின்னின் அடியில் இருக்கிறது. அதை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை. காலைக் கூட்டத்தில் கடைக்காரர் ஒரு டின்னைத் திறந்தால் பத்துப் பதினைந்து குவளையில் அது காலி, கை அடுத்ததற்குப் போய்விடுகிறது. கெடாமல் இருக்கவே பிறந்த பாலுக்கு, புக்கிட் மேராவில் கெடுவதற்கு நேரமே கிடைப்பதில்லை.